ஈம் கிராமத்துப் பிளேக் கல்லறைகள் எங்கே?

கேள்வி: இங்கிலாந்தின் டார்பிஷையரில் உள்ள ஈம் கிராமத்துக்குப் போயிருந்தேன். 1665–66இல் பிளேக் நோய்க்கு ஊரில் பெரும்பகுதி மக்கள் இறந்தார்கள், நோய் வெளியே பரவாமலிருக்க ஊரார் தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்டார்கள் என்று சொன்னார்கள். ஆனால் புனித லாரன்ஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றி வந்தபோது, போதகரின் மனைவியுடைய கல்லறையைத் தவிர அந்தக் காலத்துக் கல்லறை எதுவும் கண்ணில் படவில்லை. மற்றவர்கள் எங்கே? கதையே பிற்காலத்தில் கட்டியதா? அந்தக் குழிகளைத் தோண்டினால் நோய் இன்னும் பரவுமா?

பதில்:

இறந்தார்கள் என்பதில் சந்தேகமே வேண்டாம். அப்போது அங்கே போதகராக இருந்த வில்லியம் மாம்பெசன் 1666 நவம்பர் 20 அன்று எழுதிய கடிதம் நமக்குக் கிடைத்திருக்கிறது. தன் பங்கில், அதாவது தன் தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதியில், 76 குடும்பங்களில் நோய் புகுந்தது, 259 பேர் மாண்டார்கள் என்று அதில் கணக்கே கொடுத்திருக்கிறார். பெரும்பகுதி என்ற சொல்லில்தான் இழுபறி. பழைய புத்தகங்கள் ஊரின் மொத்த மக்கள்தொகையை 350 என்று வைத்துக்கொண்டு, நான்கில் மூன்று பேர் போய்விட்டதாக எழுதின. வீட்டு அடுப்புகளை எண்ணி விதித்த அடுப்பு வரியின் கணக்கையும் திருச்சபைப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்த்தவர்கள் 700 பேராவது இருந்திருப்பார்கள் என்கிறார்கள். அப்படியானால் மூன்றில் ஒருவருக்கும் சற்று அதிகம். அதுவும் சிறிய எண் இல்லை.

கற்கள் ஏன் இல்லை என்பதற்கு வழிகாட்டிப் புத்தகங்கள் ஒரு காரணம் சொல்லும்: 1666 கோடையில், இறந்தவர்களைக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம், அவரவர் தோட்டத்திலும் வயலிலும் புதைத்துக்கொள்ளுங்கள் என்று ஊரில் முடிவானது. இது சரிதான். ஆனால் நோய் வந்தது அதற்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே. அந்த ஒன்பது மாதங்களில் எழுபதுக்கும் மேற்பட்டவர்களை நீங்கள் நடந்து வந்த அதே தோட்டத்தில்தான் புதைத்தார்கள். அவர்களுக்கும் ஏறக்குறைய கற்களே இல்லை. ஆகவே பாதிக் கேள்விக்குத்தான் அந்தப் பதில் செல்லும். மீதிப் பாதிக்குப் பிளேக்கை விட்டுவிட்டு, ஓர் ஆங்கிலேயக் கிராமத்தின் கல்லறைத் தோட்டம் எப்படி நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். எனக்கு அதுதான் சுவையான பகுதி, கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

அந்தத் தோட்டத்தில் மிகப் பழைய பொருள் கல்லறை அல்ல, ஒரு சிலுவை. எட்டாம் நூற்றாண்டின் இறுதி அல்லது ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கம் என்று மதிப்பிடப்படும் ஆங்கிலோ-சாக்சன் கற்சிலுவை. இப்போதைய கட்டடத்தைவிடப் பல நூறு ஆண்டுகள் மூத்தது. நடுத்தண்டில் ஒரு துண்டு காணாமல் போய்விட்டதால் உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலையோடு குட்டையாக நிற்கிறது. அருகே போய்ப் பார்த்தால் தலைப்பகுதியில் தேவதூதர்கள், தண்டில் தாயும் சேயும், கீழே சுருண்டு சுருண்டு போகும் கொடி. நாடெங்கும் இப்படிப்பட்ட சிலுவைகள் பெரும்பாலும் தலையில்லாத முண்டங்களாகத்தான் மிஞ்சியிருக்கின்றன. தலையோடு ஒன்று நிற்பது அபூர்வம். இது ஒரு காலத்தில் தோட்டத்து மூலையில் புல்பூண்டுக்குள் விழுந்து கிடந்ததாகவும், சிறைச்சாலைச் சீர்திருத்தத்துக்குப் பேர்போன ஜான் ஹோவர்ட் வந்து பார்த்துக் கண்டித்த பிறகே நிமிர்த்தி நிறுத்தினார்கள் என்றும் ஊரில் சொல்வார்கள்.

தேவாலயம் ஒரே மூச்சில் கட்டியது அல்ல. ஞானஸ்நானத் தொட்டி நார்மன் காலத்தது. கட்டடத்தின் பழைய பகுதிகள் இடைக்காலத்தவை. மணிக்கூண்டு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறுபடி எழுப்பியது. 19ஆம் நூற்றாண்டில் ஏராளமான ஒட்டுவேலை. உள்ளே சுவரில் இஸ்ரயேலின் பன்னிரண்டு கோத்திரங்களின் சின்னங்களைத் தீட்டியிருக்கிறார்கள். வெள்ளையடிப்புக்கு அடியில் நெடுங்காலம் மறைந்திருந்து 20ஆம் நூற்றாண்டில் வெளிப்பட்டவை. இங்கிலாந்துக் கிராமத் தேவாலயங்கள் அநேகமாக எல்லாமே இப்படித்தான்: காசு வந்தபோது நீட்டினார்கள், இல்லாதபோது ஓட்டையை அடைத்தார்கள். ஈம் கிராமத்துக்குக் காசு ஆட்டிலிருந்தும் ஈயச் சுரங்கத்திலிருந்தும் வந்தது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு போதகருக்கு என்ற தசமபாகம் அந்த வட்டாரத்தில் ஈயத் தாதையும் விடவில்லை. சுரங்கத் தொழிலாளிகளுக்கும் போதகர்களுக்கும் இதில் தலைமுறை தலைமுறையாக வழக்கு.

இனி கல்லறைத் தோட்டம். இன்று நாம் பார்க்கும் வரிசையான பெயர்க் கற்கள் ஆயிரம் ஆண்டுப் பழக்கம் என்று தோன்றும். அப்படி இல்லை. திறந்தவெளியில் சாதாரணக் குடியானவனுக்குப் பெயர் பொறித்த கல் நிறுத்தும் வழக்கம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தொடங்கி 18ஆம் நூற்றாண்டில் பெருகியது. அதற்கு முன் வசதியுள்ளவர்கள் தேவாலயத்துக்கு உள்ளேயே தரைக்கு அடியில் இடம் வாங்கிக்கொண்டார்கள். பீடத்துக்கு நெருங்க நெருங்க மதிப்பு கூடும். மற்றவர்கள் வெளியே. பலருக்குச் சொந்தமாகச் சவப்பெட்டிகூடக் கிடையாது. பங்குக்குப் பொதுவாக ஒரு பெட்டி இருக்கும். அதில் வைத்துக் குழிவரை தூக்கிவந்து, துணியில் சுற்றிய உடலை மட்டும் இறக்கிவிட்டு, பெட்டியை அடுத்தவருக்காகத் திரும்ப எடுத்துப் போய்விடுவார்கள். அந்தத் துணி என்னவாக இருக்க வேண்டும் என்பதிலும் அரசு தலையிட்டது. ஆங்கிலேயக் கம்பளி வணிகத்தைக் காப்பாற்ற, கம்பளித் துணியில்தான் புதைக்க வேண்டும் என்று 1666இல் ஒரு சட்டம் வந்தது. மக்கள் அசட்டை செய்யவே 1678இல் இன்னும் இறுக்கமாக ஒன்று.

இடமும் நிரந்தரம் இல்லை. ஒரு சிறு கணக்குப் போடுங்கள்: ஆண்டுக்குப் பத்து அடக்கம் என்று குறைத்து வைத்தாலும் எண்ணூறு ஆண்டுகளில் எட்டாயிரம் உடல்கள். ஏறக்குறைய ஓர் ஏக்கர் நிலத்தில் எட்டாயிரம் பேருக்குத் தனித்தனி இடம் எங்கே? பழைய குழியையே மறுபடி தோண்டுவார்கள். எலும்பு வந்தால் ஓரமாக ஒதுக்கி மண்ணோடு மூடுவார்கள், அல்லது எலும்பறையில் அடுக்குவார்கள். கென்ட் பகுதியில் ஹைத், நார்த்தாம்ப்டன்ஷையரில் ராத்வெல் ஆகிய இரண்டு தேவாலயங்களில் மண்டை ஓடுகளும் தொடை எலும்புகளும் அடுக்கிய அறைகளை இன்றும் பார்க்கலாம். பல கிராமங்களில் கல்லறைத் தோட்டத்தின் தரை வெளிச் சாலையைவிட இரண்டு மூன்று அடி உயர்ந்திருப்பதும், தேவாலயச் சுவரை ஒட்டி அகழி மாதிரி ஒரு பள்ளம் வெட்டியிருப்பதும் இதனால்தான். மண் ஏறி ஏறிச் சுவரில் ஈரம் பாய்ந்ததால் பின்னால் வந்தவர்கள் வெட்டிய வடிகால் அது.

புதைப்பதில் திசை வழக்கமும் உண்டு. தலை மேற்கே, கால் கிழக்கே. உயிர்த்தெழும் நாளில் எழுந்தால் கிழக்கைப் பார்த்து நிற்க வேண்டும் என்று எண்ணம். தேவாலயத்தின் தென்புறம் வெயில் படும் பக்கம், அதற்குப் போட்டி. வடபுறம் நிழல் விழும் பக்கம், ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளுக்கும் ஊர் பேர் தெரியாதவர்களுக்கும். தற்கொலை செய்துகொண்டவர்களுக்கு அதுவும் இல்லை. 1823இல் சட்டம் மாறும்வரை நாற்சந்தியில் புதைத்த வழக்கம் இருந்தது. பழைய தோட்டங்களில் தெற்கே கற்கள் நெருக்கியடிக்க, வடக்கே வெறும் புல்லாகக் கிடந்தால் அங்கே யாருமில்லை என்று எண்ணிவிடக் கூடாது.

புல் என்றதும் நினைவுக்கு வருகிறது: அந்தப் புல் போதகருடைய சொத்து. ஆடு மேய விட்டுக் காசு பார்த்த போதகர்கள் நிறையப் பேர். கல் நிறுத்துவதற்கு அவர்கள் தடை சொன்னதற்கு மேய்ச்சலும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆகவே 1665 செப்டம்பரில் இறந்த ஓர் ஏழைத் தையல்கார உதவியாளனுக்கு, பிளேக் வராமல் வேறு நோயில் இறந்திருந்தாலும், கல் நிறுத்தியிருக்க மாட்டார்கள். இதற்கு முந்தைய பெரும் சாவு இன்னும் கொடியது: 1348–49இல் இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை மக்களை அதே நோய் தின்றது. கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் அதற்கு ஒரு பெயர்க் கல்லும் கிடைக்காது. ஹெர்ட்ஃபோர்ட்ஷையரில் ஆஷ்வெல் தேவாலயத்து மணிக்கூண்டின் உள்சுவரில் யாரோ ஒருவர் லத்தீனில் அந்த அழிவைப் பற்றிக் கீறி வைத்த சில வரிகள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

எளியவர்களின் பெயர் கல்லில் இல்லாவிட்டாலும் தாளில் இருந்தது. 1538இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் வாரந்தோறும் ஏட்டில் எழுதியாக வேண்டும் என்று ஆணையிட்டார். வரி போடத்தான் இந்த ஏற்பாடு என்று மக்கள் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பை மீறி எழுதிய ஏடுகள்தான் இன்று ஈம் கிராமத்துச் சாவுகளை நாள் வாரியாக, வீடு வாரியாக நமக்குச் சொல்கின்றன. 2016இல் வெளியான ஓர் ஆய்வு இந்தப் பட்டியலையே கணிதத்தில் போட்டு, ஒரே வீட்டில் அடுத்தடுத்து விழுந்த சாவுகளின் இடைவெளியை அளந்து, தொற்றில் ஏறக்குறைய முக்கால் பங்கு மனிதரிடமிருந்து மனிதருக்கு வந்தது, எலியிலிருந்து நேரடியாக வந்தது கால் பங்குதான் என்ற முடிவுக்கு வந்தது. எலியின் தெள்ளுப்பூச்சியையே முழுக் குற்றவாளியாக்கிய பழைய பாடத்துக்கு இது நல்ல திருத்தம். ஊரே சிதறிக் கிடந்த வேளையில் பெயர்களை விடாமல் எழுதி வைத்த கைக்கு இந்த ஆய்வாளர்கள் கடன்பட்டிருக்கிறார்கள்.

அந்தத் தையல்கார உதவியாளனின் பெயர் ஜார்ஜ் விக்கர்ஸ். 1665 செப்டம்பர் 7 அன்று அடக்கம். அலெக்சாண்டர் ஹாட்ஃபீல்ட் என்ற தையல்காரருக்கு லண்டனிலிருந்து ஒரு துணிப் பொதி வந்தது, ஈரமாக இருந்ததால் விக்கர்ஸ் அதை நெருப்பின் முன் விரித்துக் காய வைத்தான், அதிலிருந்த தெள்ளுப்பூச்சிகள் கடித்தன என்பது ஊர்க் கதை. லண்டனில் அந்த ஆண்டு பிளேக் உச்சத்தில் இருந்தது. ஆகவே கதையில் நம்ப முடியாதது எதுவும் இல்லை. இலையுதிர் காலத்தில் சாவு ஏறியது, குளிர்காலத்தில் தணிந்தது. பிழைத்தோம் என்று ஊரார் நினைத்திருப்பார்கள். 1666 ஜூனில் மறுபடி கிளம்பியது.

அப்போதுதான் மாம்பெசன் ஊரைக் கூட்டுகிறார். இங்கே அவருடைய சங்கடத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அவர் 1664இல் வந்த புதியவர், இருபதுகளின் பிற்பகுதியில் இருந்த இளைஞர். அவருக்கு முன் ஊர் மதித்த போதகர் தாமஸ் ஸ்டான்லி திருச்சபைச் சடங்குகளை இன்னும் எளிமையாக்க வேண்டும் என்ற பியூரிட்டன் சார்புள்ளவர். அரசு வகுத்த பொது ஜெபப் புத்தகத்தை ஏற்க மறுத்து 1662இல் பதவி இழந்தவர். அப்படிப் பதவி இழந்தவர்கள் தங்கள் பழைய பங்குக்கு ஐந்து மைல் சுற்றளவில் தங்கக் கூடாது என்று 1665இல் சட்டமே போட்டார்கள். ஸ்டான்லி அங்கேயே இருந்தார். ஊர் அவரைத்தான் கேட்கும் என்பது மாம்பெசனுக்குத் தெரியும். கோட்பாட்டில் எதிரெதிராக நின்ற இருவரும் சேர்ந்து பேசித்தான் மூன்று முடிவுகளுக்கு ஊரை இணங்க வைத்தார்கள்: யாரும் எல்லை தாண்டுவதில்லை, தேவாலயத்தை மூடிவிட்டு, ஊருக்கு வெளியே கக்லெட் டெல்ஃப் என்ற பள்ளத்தாக்கில், குடும்பம் குடும்பமாக விலகி நின்று ஆராதனை, இறந்தவர்களை அவரவர் வீட்டார் அருகிலேயே புதைப்பது.

மூன்றாவது முடிவு எவ்வளவு பெரியது என்று இன்று சட்டென்று உறைக்காது. திருச்சபை ஜெபித்துப் புனிதமாக்கிய, அதாவது மந்திரித்த மண்ணில், போதகர் ஜெபிக்க, முன்னோர் பக்கத்தில் கிடப்பது அக்காலத்து ஆங்கிலேயனுக்கு ஆன்மாவோடு ஒட்டிய விஷயம். நம் ஊரில் கொள்ளி வைக்க ஆளில்லாமல் போவதை நினைத்துப் பாருங்கள், ஓரளவு புரியும். அதை ஒரு ஊரே விட்டுக்கொடுத்தது. எல்லை தாண்டாமல் இருந்த தியாகத்தைத்தான் எல்லாரும் பாடுகிறார்கள். என் கணக்கில் இதுதான் பெரிய தியாகம்.

எல்லை விஷயத்தைக் கொஞ்சம் சந்தேகத்தோடே படிக்க வேண்டும். வசதியான பிராட்ஷா குடும்பம் முன்பே கிளம்பிவிட்டது. மாம்பெசன் தம் இரண்டு பிள்ளைகளையும் யார்க்ஷையருக்கு அனுப்பிவிட்டார். ஏழைகளுக்கோ போக்கிடமே இல்லை. வேறு பங்கிலிருந்து வரும் ஏழையைத் திருப்பி அனுப்ப 1662ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுத்தது, பிளேக் ஊரிலிருந்து வந்தவனைக் கல்லெறிந்தே விரட்டியிருப்பார்கள். சாட்ஸ்வொர்த் மாளிகையிலிருந்து டெவன்ஷயர் பிரபு உணவுப் பொருள் அனுப்ப ஒத்துக்கொண்டார் என்பதால்தான் அடைபட்டவர்கள் பட்டினியால் சாகவில்லை. ஸ்டோனி மிடில்டன் ஊருக்குப் போகும் வழியில் குழிகள் போட்ட எல்லைக் கல் ஒன்று இன்றும் கிடக்கிறது. பொருளுக்குரிய காசை வினிகர் ஊற்றிய அந்தக் குழிகளில் போட்டு வைத்தார்கள் என்று சொல்வார்கள்.

ஆகஸ்டில் மட்டும் எழுபதுக்கு மேல் சாவு. ஊருக்குக் கிழக்கே ரைலி என்ற மேட்டில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண், ஆகஸ்ட் 3 முதல் 10 வரை எட்டே நாளில் கணவனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். உடலைத் தொடாமலிருக்கக் காலில் துணியைக் கட்டி இழுத்துப் போனாள் என்பது வழிவழியாக வரும் பேச்சு. அவளுக்கு நோய் வரவில்லை. அந்த ஏழு பேருக்கும் கல் உண்டு: கணவனுக்கு மேசை போன்ற ஒன்று, பிள்ளைகளுக்கு ஆறு தலைக்கற்கள், சுற்றி வட்டமான மதில், நடுவயலில். அவை முதலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறி இருந்தன, பிறகுதான் ஒன்றாகச் சேர்த்தார்கள் என்பதால் கல்லுக்கு நேர் கீழே யாரும் இருப்பார்கள் என்று எண்ண வேண்டாம். நேரம் கிடைத்தால் அங்கே போய்ப் பாருங்கள், ஊரிலிருந்து நடக்கிற தூரம். ஊருக்குள்ளேயே லிட்கேட் தெருவில் ஜார்ஜ் டார்பி, அவர் மகள் மேரி ஆகிய இருவரின் கல்லறைகள் வீடுகளுக்கு நடுவே இருக்கின்றன: தந்தை ஜூலை 4, மகள் செப்டம்பர் 4. நீங்கள் கேட்ட மற்றவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்ட வீட்டுத் தோட்டங்களிலும் வயல் ஓரங்களிலும், கல் இல்லாமல் கிடக்கிறார்கள்.

வீட்டில் புதைக்க ஆளே மிஞ்சாதவர்களுக்கு மார்ஷல் ஹவ் என்ற முரட்டு ஆள் வந்தான். நோய் வந்து பிழைத்தவன்; இனி வராது என்ற தைரியத்தில் குழி வெட்டினான், கூலியாகச் செத்தவரின் தட்டுமுட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டான். அதே ஆகஸ்டில் அவன் மனைவியும் மகனும் போனார்கள். பின்னாளில் அடங்காத பிள்ளைகளிடம் அவன் பெயரைச் சொல்லிப் பூச்சாண்டி காட்டுவார்களாம். இதுபோன்ற தகவல்களில் பாதி, வில்லியம் வுட் என்ற உள்ளூர்க்காரர் 1842இல் வெளியிட்ட வரலாற்றிலிருந்து வருபவை. கிழவர் கிழவிகளிடம் கேட்டு எழுதியவர் அவர், ஆனால் சம்பவம் நடந்து ஏறக்குறைய 180 ஆண்டுகள் ஆன பிறகு. ‘என்பார்கள்’, ‘சொல்வார்கள்’ என்று நான் அடிக்கடி போடுவது அதனால்தான்.

நீங்கள் பார்த்த அந்த ஒரே கல்லறைக்கு வருவோம். கேத்தரின் மாம்பெசன், 1666 ஆகஸ்ட் 25. பிள்ளைகளோடு போய்விடு என்று கணவர் மன்றாடியும் மறுத்து நின்றவர். போதகரின் மனைவி என்பதால் தோட்டத்தில் இடமும், மேசைக் கல்லறையும், லத்தீன் கல்வெட்டும் கிடைத்தன. அடுத்த முறை போனால் பக்கவாட்டு முனைகளைக் குனிந்து பாருங்கள். ஒரு முனையில் இறக்கை முளைத்த மணற்கடிகாரம், வேளை எதுவென்று அறியீர்கள் என்ற எச்சரிக்கையோடு. மறு முனையில் மண்டை ஓடு, எனக்கு ஆதாயம் என்ற சொற்களோடு. சாவு எனக்கு ஆதாயம் என்று வேதாகமத்தில் பவுல் எழுதியதன் எதிரொலி. மாம்பெசன் 1669இல் நாட்டிங்ஹாம்ஷையரின் ஈக்ரிங் ஊருக்கு மாற்றலாகிப் போனபோது, பிளேக் ஊரிலிருந்து வருகிறவர் என்று அந்த ஊரார் பயந்து, அவரைக் கொஞ்ச காலம் ஊருக்கு வெளியே குடிசையில் இருக்க வைத்தார்களாம். நோய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகியும்! ஸ்டான்லி 1670இல் ஈம் ஊரிலேயே இறந்தார்; அவருக்கு ஒரு நினைவுக் கல் கிடைக்க நெடுங்காலம் பிடித்தது.

அதன் பிறகு நூறு ஆண்டுகள் இந்தத் தேவாலயத்தின் கதை சாதாரண கிராமத்துக் கதைதான், சில இடங்களில் சிரிப்பாகவே இருக்கும். அடுத்த தலைமுறைப் போதகர் ஒருவர் சாராயக் கடையில் விளையாட்டாகக் கடைக்காரரின் மகளுக்குத் தாலி கட்டாத குறையாகக் கல்யாணம் செய்துகொள்ள, பிஷப் அதை நிஜக் கல்யாணமாக்கிவிட்டார். ஏற்கெனவே நிச்சயித்திருந்த பெண் வழக்குப் போட, மனிதர் அமீனாவுக்குப் பயந்து தேவாலயத்தின் பக்க அறையிலேயே காலம் தள்ளினார் என்று ஒரு கதை உண்டு. 1739 முதல் 1790 வரை போதகராக இருந்த தாமஸ் சேவர்டோ வருமானத்தை வாங்கிக்கொண்டு பெரும்பாலும் லிச்ஃபீல்ட் நகரில் வாழ்ந்தார். வேலையைச் செய்தது கூலிக்கு அமர்த்திய உதவிப் போதகர். தென்சுவரில் 1775ஆம் ஆண்டு தேதியிட்ட பெரிய சூரியக் கடிகாரம் அவர் காலத்தது. உள்ளூர் நேரத்தோடு உலகின் தூரத்து ஊர்களில் எப்போது நண்பகல் என்பதையும் அது காட்டுகிறது. அவருடைய மகள், ஈம் கிராமத்தில் பிறந்த கவிஞர் அன்னா சேவர்ட், பிளேக் கதையைப் படித்த வட்டாரங்களுக்குக் கொண்டுபோனவர்களில் ஒருவர்.

கதை கட்டியதா என்று கேட்டீர்களே, பதில் இங்கே இருக்கிறது. சம்பவம் உண்மை, அதை வீர காவியமாக்கும் வேலை 18ஆம் நூற்றாண்டில் தொடங்கி 19இல் முற்றியது. 1866இல் இருநூறாம் ஆண்டு நினைவு, அடுத்த சில ஆண்டுகளில் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் எட்மண்ட் ஸ்ட்ரீட் கையால் தேவாலயப் புதுப்பிப்பு, ஒவ்வோர் ஆகஸ்டின் கடைசி ஞாயிறும் பிளேக் ஞாயிறு, டெல்ஃப் பள்ளத்தாக்குக்கு ஊர்வலம், 1985இல் இந்தக் கதை முழுவதையும் சொல்லும் வண்ணக் கண்ணாடிச் சன்னல். இன்று நீங்கள் நுழையும் தேவாலயம் பிளேக்கைப் பார்த்த கட்டடம் என்பதைவிட, பிளேக்கை நினைப்பதற்காக ஒழுங்குபடுத்திய கட்டடம் என்பதே பொருத்தம். அதில் தவறு ஒன்றும் இல்லை.

பிளேக்கையே தேடியதில் நீங்கள் தவற விட்டிருக்கக்கூடிய ஒரு கல்லைச் சொல்லிவிடுகிறேன். டார்பிஷையர் கவுண்டி கிரிக்கெட் அணிக்கு ஆடி, பிறகு நடுவராகவும் இருந்த ஹாரி பாக்ஷா 1927இல் இறந்து இங்கே அடக்கமானார். அவருடைய தலைக்கல்லில் ஸ்டம்ப் சரிந்து பெயில்ஸ் பறக்கிறது. உச்சியில் நடுவரின் கை ஒரு விரலை மேலே தூக்கி நிற்கிறது. ஆட்டமிழந்தார் என்பதும், மேலே போனார் என்பதும் ஒரே விரலில். நடுவர் கோட்டோடும், கையில் பந்து எண்ணும் ஆறு காசுகளோடும் புதைத்தார்கள் என்றும் சொல்வதுண்டு. கல்வெட்டுக் கலையில் இதைவிட நல்ல நகைச்சுவை நான் பார்த்ததில்லை.

கடைசிக் கேள்வி: தோண்டினால் நோய் வருமா? வராது. பிளேக் கிருமி புதைத்த உடலில் 350 ஆண்டுகள் உயிரோடு இருக்காது. மிஞ்சுவது பல்லுக்குள் உறைந்த மரபணுத் துணுக்குகள் மட்டும். லண்டனில் லிவர்பூல் தெரு ரயில் நிலையப் பணிக்காகப் பழைய பெட்லம் இடுகாட்டைத் தோண்டியபோது கிடைத்த எலும்புக்கூடுகளின் பற்களிலிருந்து, 1665ஆம் ஆண்டு நோய் பிளேக்தான் என்பதை 2016இல் உறுதி செய்தார்கள். யாருக்கும் எதுவும் தொற்றவில்லை. அதற்காக மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்து மண்ணைத் தொட மறைமாவட்டத் திருச்சபை நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். புதிதாக ஒரு கல் நிறுத்துவதற்கும் திருச்சபை அனுமதி இல்லாமல் முடியாது. வயல்களில் கிடப்பவர்கள் மந்திரித்த மண்ணில் இல்லாததால் அவர்கள் விஷயம் திருச்சபையிடம் போகாது, அரசின் நீதித்துறை அமைச்சகம் உரிமம் தர வேண்டும். கல்லறைக் கல் மேல் படர்ந்திருக்கும் பாசிப்பூஞ்சையைச் சுரண்டிப் பெயர் படிக்கவும் முயல வேண்டாம். எழுத்தும் அதோடு உரிந்து வந்துவிடும். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால் போதும், மங்கிய எழுத்தும் நிழலில் எடுத்துக்காட்டும்.